கடலெண்ணெயில் ஒரு கிணறு

மணி ஒம்பதரை ஆச்சு, எங்கூட்டுக்காரர் மூஞ்சி இன்னும் காயல. சுண்டுவெரல் நுனியில லேசாத் தொட்டுப் பாக்கறேன், நெத்தி ஓரமா, முடி தொடங்கற எடத்துல. பிசுபிசுன்னு ஒட்டுது. வெரல்ல பழுப்புக் கலரு. பொறட்டாசியில வரைஞ்சு முடிச்ச படம், இது தை மாசம், நாலு மாசமா அதே ஈரம். செத்து ஒம்பது வருசமான மனுசன் படத்துலயாவது காஞ்சு தொலையக் கூடாதா. அட, என்ன வாயி எனக்கு, காலங்காத்தால. முந்தானையில வெரலத் தொடைச்சுக்கறேன், முந்தானையும் போச்சு. பதினோரு மணிக்கு மயில்சாமி வர்றாரு. எங்கூட்டுக்காரரோட ஒரே தம்பி, என்ற கொழுந்தனாரு. ஒம்பது வருசத்துக்கப்பறம் இந்த வாசப்படி ஏறப் போறாரு. முந்தாநேத்து போன்ல கூப்புட்டு, "அண்ணி, நான் மயில்சாமி பேசறனுங்க"ன்னாரு, என்னமோ எனக்கு அந்தக் கொரலு மறந்து போயிருக்கும்ங்கற மாதிரி. "பாப்பாவுக்குக் கண்ணாலம் வெச்சுருக்குதுங்க அண்ணி. மொதப் பத்திரிகை அண்ணன் ஊட்டுக்குத்தான் வெக்கோணும். அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மத்த ஊட்டுப் படியேறுவேன்." அண்ணங்கிட்டன்னா சொவத்துல மாலையோட மாட்டியிருக்கற போட்டோகிட்ட. அந்தப் போட்டோவுக்கு நேர் கீழதான் ஸ்டேண்டுல நிக்குது என்ற படம், ரெண்டடிக்கு மூணடி. எங்க கெணறு, தென்னை, மாடு, மாமனாரு, அவரு, எல்லாரும் இருக்கோம். மோட்டார் ரூம் வாசல்ல கையில ஸ்பேனரோட மயில்சாமி நிக்கறாரு. நாந்தான் அங்க நிக்க வெச்சேன். வாங்க தம்பி, வாங்கன்னேன் போன்ல. வேற என்னத்தச் சொல்றது.

எடுத்து உள்ள வெச்சுரலாமான்னா, முடியாது. சட்டத்தோட ஓரம் வரைக்கும் ஈரம். போன மாசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதுக்காகக் கொஞ்சம் நவுத்துனதுக்கே தென்ன மரத்துல பாதி என்ற சீலையில வந்துருச்சு, மறுக்காப் போட்டேன். சொவத்தப் பாத்துத் திருப்பி வெச்சாச் சொவத்துல ஒட்டும். துணி போட்டு மூடுனாத் துணியோட மனுசங்க உரிஞ்சு வந்துருவாங்க. இந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுத்தது எம்பொண்ணு கோகிலா, பெங்களூர்ல இருக்கறா. "சும்மா சொவத்தப் பாத்துட்டே உக்காந்திருக்காதம்மா"ன்னு கலர் டியூபு, பிரஷ்ஷு, ஸ்டேண்டு எல்லாம் அனுப்பி வெச்சா. சொவத்தப் பாக்கறது எனக்குச் சும்மா இல்லைன்னு அவளுக்கு எங்க தெரியும். சனிக்கெழமையானாக் கோபிக்கு பஸ் ஏறுவேன், மருந்துக்கடைக்கு மேல மாடியில கிளாஸு. ரோஸ்லின் டீச்சருக்கு இருவத்தாறு வயசு, எனக்கு அம்பத்தாறு. பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளைங்க எல்லாம் மலையும் சூரியனும் போடறாங்க. டீச்சரு என்ற கையப் பாத்துட்டு, "ஆன்ட்டி, நீங்க மலையெல்லாம் போடாதீங்க. உங்களுக்குத் தோட்டம் இருக்கு, குடும்பம் இருக்கு, அதுலயே கத்துக்கலாம்"னு சொல்லிருச்சு. மொத மாசம் கத்திரிக்கா. "மினுக்கு எங்க உழுகுது பாருங்க ஆன்ட்டி, அந்த எடத்துல மட்டும் ஒரு சொட்டு வெள்ளை." வெச்சேன். கத்திரிக்கா உருண்டு நின்னுருச்சு, சிரிப்பு வந்துருச்சு எனக்கு, நாப்பது வருசமாக் கத்திரிக்கா அரிஞ்சிருக்கறேன், ஒரு நாளும் பாத்ததில்ல. ரெண்டாவது மாசம் மாடு. கண்ணுல அதே சொட்டு வெள்ளைய வெச்சதும் மாடு என்னயத் திரும்பிப் பாத்துச்சு. பிரஷ்ஷக் கீழ வெச்சுட்டேன். அன்னிக்கே உட்டுருக்கோணும். "என்னாச்சு ஆன்ட்டி?"ன்னுது டீச்சரு. கண்ணுல தூசிங்க டீச்சர்னேன்.

எண்ணெய்ல நான் செஞ்ச கூத்து இருக்குதே. பெட்டியோட வந்த ஆளிவெத எண்ணெய் குட்டியூண்டு பாட்டலு, இந்தப் படத்தோட மொதப் பூச்சுலயே தீந்து போச்சு. வேற வாங்கோணும்னா கோயமுத்தூருக்குச் சொல்லி வரவெக்கோணும்னாங்க. எண்ணெய்க்கா பஞ்சம் எங்கூட்டுல? சொந்தக் காட்டுல வெளஞ்ச கடலக்கா, நானே நெத்துப் பாத்துப் பொறுக்கி, காயப் போட்டு, செக்குல ஆட்டுன எண்ணெய், டின்னு நெறய நிக்குது. ஊத்திக் கொழச்சேன். என்ன வழுவழுப்பு, பிரஷ்ஷு என்னமா ஓடுச்சு. மேப்பூச்சு முழுசும் கடலெண்ணெய்தான், மூஞ்சிங்க எல்லாம், மரம் எல்லாம். கார்த்திகை வரைக்கும் காயலைன்னு போன்ல படம் புடிச்சு டீச்சருகிட்டக் காட்டுனேன். எந்த எண்ணெய் ஆன்ட்டின்னுது. நம்ம செக்கெண்ணெய்ங்கன்னேன் பெருமையா. அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்புல கீழ மருந்துக்கடைக்காரரே எட்டிப் பாத்தாரு. "ஐயோ ஆன்ட்டி! அது பலகாரம் சுடற எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காத்துப்பட்டா எறுகி நிக்கும். இது எத்தன வருசமானாலும் இப்படியேதான் இருக்கும். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வரைங்க." தூக்கிப் போடறதா. எப்படித் தூக்கிப் போடறது, அவரு மூஞ்சி இருக்குது அதுல. அப்பறம் பாத்தா அந்த மூஞ்சி எப்பவும் தண்ணி சொட்டற மூஞ்சியாவே இருக்குது. அப்பத்தான் கெணத்துக்குள்ள இருந்து ஏறி வந்த மாதிரி மினுமினுன்னு. காலையில வெயிலு ஜன்னல் வழியா அதுமேல உழுகறப்ப நான் சமையக்கட்டுக்குள்ள போய்க்குவேன். தாடையில ஒரு கொசு ஒட்டிச் செத்துக் கெடக்குது. எடுக்கப் போனா தாடையும் வரும்னு உட்டுட்டேன்.

மணி பத்தாகப் போகுது. பத்து மணிக்குத்தான் இப்பெல்லாம் மூணு பேஸ் கரண்டு வருது. வந்ததும் போர் மோட்டாரு தானா எடுக்கும், ம்ம்ம்னு ஒரு சத்தம், தரை வழியா வந்து பாதத்துல ஏறும். ஆட்டோவுல போட்டு வெச்சுருந்தா அப்படித்தான். வெளியூரு ஆளுங்களுக்கு இது புரியாது. கரண்டு எப்ப வரும் எப்பப் போகும்னு சொல்ல முடியாத காலத்துல ஆரு போயி மோட்டாரு ரூம்லயே உக்காந்திருக்கறது? அதனால பொட்டியில ஆட்டோ சுவிட்ச்சு. தட்டி உட்டுட்டா, கரண்டு வந்ததும் மோட்டாரு தானா ஓடும். ஆனா ஆராவது கெணத்துக்குள்ள எறங்கோணும்னா ஆட்டோவ எடுத்துரோணும். பீஸ் கட்டையே புடுங்கி மடியில கட்டிட்டு எறங்கற கவனக்காரங்களும் இருக்கறாங்க. எங்கூட்டுல அந்தப் பழக்கமில்ல. மேல இருக்கறவங்ககிட்ட எடுக்கச் சொல்லிட்டு, எறங்கறதுக்கு முன்னால ஒருக்காக் கேக்கறது, "ஆட்டோவ எடுத்தாச்சா?" மேல இருந்து "ஆச்சு"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த ஆச்சுங்கற வார்த்தைய நம்பி எங்க ஆம்பளைங்க அறுவதடிக்குக் கீழ எறங்குவாங்க. நாப்பது வருசமா ஒண்ணும் ஆனதில்ல. அய்யோ, இந்தக் கெணத்துக்குக் கருப்பு போட்டுட்டு டீச்சருகிட்ட வாங்கிக் கட்டுனேன். "கருப்பே தொடாதீங்க ஆன்ட்டி, அது செத்த கலரு. நீலமும் பழுப்பும் கலந்து பாருங்க, இருட்டு உள்ள போகும்." கலந்தேன். உள்ள போச்சு. போயிட்டே இருக்குது. அதுல அவரு நெஞ்சு வரைக்கும் எறங்கி, கைப்புடிச் செவுத்து மேல கைய ஊனி, மோட்டார் ரூம் பக்கமா மூஞ்சியத் திருப்பி இருக்கறாரு. தோள்ல பச்சைக் கட்டம் போட்ட துண்டு. வாயி கொஞ்சம் தெறந்திருக்குது. வாயத் தெறந்த மாதிரி போடோணும்னு நான் நெனைக்கவே இல்ல. மூடுன வாயாத்தான் போட்டேன், மறுநா பாத்தா உதடு ரெண்டும் எண்ணெயில எளகிக் கொஞ்சம் எறங்கிருக்குது. மூணு தடவ மூடுனேன். மூணு தடவையும் தெறந்துகிச்சு. கேட்டுட்டுத்தான் நிக்கறாரு. நான் பதில் சொல்லோணும்னு நிக்கறாரு.

இதோ வந்துருச்சு. ம்ம்ம். கட்டை வெரல்ல ஏறுது. எல்லாரு ஊட்டுலயும் கரண்டு வந்தா சந்தோசம், நான் காலத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கறேன். அன்னிக்கு மாசி மாசம். தண்ணி கீழ போயி மோட்டாரு தண்ணி எடுக்கல. அப்ப மோட்டாரு கெணத்துக்குள்ளயே திட்டு மேல இருந்துது, சரி பண்ணோணும்னா எறங்கித்தான் ஆகோணும். காலையில எங்களுக்குள்ள சண்டை. எங்கண்ணன் ஊட்டுப் புதுமனைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன், தண்ணி கட்டற வேலை கெடக்குதுன்னாரு, அப்படியா, உங்க பொறந்தவ ஊட்டுக்குன்னா மட்டும் தண்ணி தானாப் பாஞ்சுக்குமான்னேன், அவரு சோத்துத் தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சாரு. நான் துணி மூட்டையத் தூக்கிட்டுத் தொவைக்கற கல்லுக்குப் போயிட்டேன். தொவைக்கற கல்லுல இருந்து மோட்டார் ரூம் பத்தடி. பத்தே அடி. "வசந்தா, ஆட்டோவ எடுத்துரு"ன்னாரு. என்ற பேரு வசந்தாமணி, அவரு மட்டும் வசந்தாம்பாரு. நான் திரும்பல. துணிய அடிச்சேன், அவருமேல இருந்த கோவத்தையெல்லாம் அந்தப் போர்வை மேல காட்டுனேன். அடிச்சு முடிச்சுட்டுப் போய் எடுத்துக்கலாம், இப்பத்தான கட்டுனாரு கவுத்த, கரண்டு வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. அப்பறம் அவரு கேட்டாரு. கெணத்துல நெஞ்சு வரைக்கும் எறங்கிட்டுக் கேட்டாரு, "ஆட்டோவ எடுத்தாச்சா?" ஆச்சுன்னேன். ஆச்சு, ஆச்சு, ரெண்டு தடவ, வெடுக்கு வெடுக்குன்னு. கை சோப்பு நொரை. எந்திரிக்கல. போர்வையப் புழிஞ்சுட்டு எந்திரிச்சுக்கலாம்னு, சத்தியமா அதுதான் மனசுல. அவரு கீழ திட்டுக்கு எறங்கி வேலையத் தொடங்கற வரைக்கும் போர்வையத்தான் முறுக்கிட்டு இருந்தேன். பாதத்துல ஏறுச்சு, ம்ம்ம். அவரு துண்டு மோட்டாரு சுத்தறதுல மாட்டிக்கிச்சுன்னு அப்பறம் சொன்னாங்க. நான் பாக்கல. நான் ஒரு சத்தம் மட்டும் கேட்டேன், அதுக்கப்பறம் தண்ணியில ஒரு சத்தம்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அன்னைக்கே, அந்த நிமிசமே சொல்லியிருந்தா, கிறுக்கி, கோவத்துல கொன்னுட்டாளேன்னு நாலு பேரு பேசியிருப்பாங்க, நான் செத்துருக்க மாட்டேன். மயில்சாமிதான் ஓடிப் போயி மோட்டாரை நிறுத்துனாரு, அவருதான் கெணத்துல குதிச்சுத் தூக்குனாரு. மேல கொண்டு வந்து போட்டாங்க. மூஞ்சியில தண்ணி வழிஞ்சுட்டே இருந்துது, தொடைக்கத் தொடைக்க வழிஞ்சுது. மாமனாரு கட்டல்ல இருந்து எந்திரிச்சு வந்து, ஊரே நிக்கறப்ப என்ற மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. "ஆட்டோவ எடுத்தயா இல்லியா அம்மணி?" என்ற வாயில வந்தது, "எடுத்துட்டனுங்க மாமா." எங்கிருந்து வந்துதோ, யோசிக்கல, சோப்புக் கையோட நிக்கறேன், தானா வந்துருச்சு, கரண்டு வந்தா மோட்டாரு ஓடற மாதிரி. மாமனாரு அப்படியே திரும்புனாரு. "அப்ப அதுக்கப்பறம் ரூமுக்குள்ள போனது ஆரு?" மயில்சாமி ஈரத் துணியோட நடுங்கிட்டு நின்னாரு. "நாந்தானுங்கப்பா. அண்ணன் ஸ்பேனரு கேட்டாரு, எடுக்கப் போனேன்." அவ்வளவுதான், முடிஞ்சுது. ஸ்பேனரு ஆணியில மாட்டியிருந்தது அந்தப் பொட்டிக்குப் பக்கத்துலதான். இருட்டு ரூமு. அண்ணி எடுத்து உட்டத இவன் கையோ முழங்கையோ பட்டு மறுபடியும் போட்டுட்டான்னு எல்லாரும் ஒரே வார்த்தையா முடிச்சுட்டாங்க. மாமனாரு அவரக் கொள்ளிச்சட்டிகூடத் தொட உடல. "நீதான்டா எம்மவனக் கொன்னவன், தொடாத"ன்னாரு. மயில்சாமி ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. கோகிலா பொட்டப்புள்ளைன்னு பங்காளி ஒருத்தரு கொள்ளி வெச்சாரு. மயில்சாமி பாஞ்சு நாள்ல பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுத் திருப்பூருக்குப் போனவருதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால மாமனாரு போய்ச் சேந்தப்பக்கூட வந்து ரோட்டுல நின்னுட்டுப் போயிட்டாருன்னாங்க.

நான் எப்படி ஒம்பது வருசம் சோறு தின்னேன்னு கேட்டா, ஒரு கணக்கு வெச்சிருந்தேன் மனசுக்குள்ள. ஊரு என்ன வேணாலும் சொல்லட்டும், கொழுந்தனாரு மனசுக்குத் தெரியுமில்ல, தான் அந்தச் சுவிட்ச்சத் தொடலைன்னு. செய்யாதவனுக்கு என்ன பயம், எங்க போனாலும் நிம்மதியாத் தூங்குவான். தூக்கம் கெட்டது எனக்குத்தான, அதுவே எனக்குத் தண்டனைன்னு நானே சொல்லிக்குவேன், சொல்லிட்டு நானே தலையாட்டிக்குவேன். எந்த மோட்டாரா இருந்தாலும் பிரிச்சு மாட்டற கை அவருக்கு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில பேக்கிங்ல இருக்கறாருன்னு கேள்விப்பட்டப்ப, என்னடா இது, மிஷின் வேலை கெடைக்கலியான்னு நெனைச்சேன், உட்டுட்டேன். எதையும் ரொம்ப நேரம் நெனைக்க மாட்டேன் நான், ரசம் கொதிக்குதுன்னு எந்திரிச்சுக்குவேன். இந்தப் படத்துலதான் மாட்டிக்கிட்டேன். பிரஷ்ஷு வெச்சா ஒரு எடத்துலயே நிக்கோணுமே. "உங்களுக்குத் தெரிஞ்சத வரையாதீங்க, பாத்தத வரைங்க"ன்னு டீச்சரு சொல்லும். மொதப் பூச்சு போடறப்ப, மெல்லிசா டர்பன்டைன் ஊத்தி, யோசிக்காம கை போன போக்குல கோடு இழுத்தேன். தொவைக்கற கல்லு, அதுமேல குனிஞ்சு ஒருத்தி, கையில முறுக்குன துணி. பாத்துட்டுத் திக்குன்னுது. அது ஆளிவெத எண்ணெயில போட்டது, ரெண்டே நாள்ல காஞ்சு கெட்டியாகிருச்சு. அப்பறம் கடலெண்ணெய் கலந்து அதுமேல ஒரு பப்பாளி மரத்த வெச்சு மூடுனேன். அந்த எடத்துல பப்பாளியே கெடையாது எங்க தோட்டத்துல. என்னைய எடுத்துட்டுப் போயி தூரமா சமையக்கட்டு வாசல்ல கொடத்தோட நிக்க வெச்சுட்டு, மோட்டார் ரூம் வாசல்ல கொழுந்தனார நிக்க வெச்சேன். ரெண்டாந்தரம் நிக்க வெச்சேன்னு சொல்லோணும். டீச்சரு படத்த உத்துப் பாத்துட்டு, "பப்பாளி மட்டும் பொய்யா இருக்கு ஆன்ட்டி"ன்னுது. மரம் சரியா வரலைங்கறதச் சொல்லுச்சு அந்தப் புள்ள. எனக்கு அன்னிக்கு பஸ்ஸுல ஊரு தாண்டுனதே தெரியல.

பத்தரை. வடைக்கு அரைச்சு வெச்சாச்சு, காப்பிக்குப் பாலு இருக்குது. வந்ததும் நேரா போட்டோவுக்கு முன்னால நிப்பாரு, கும்புடுவாரு, கண்ணு கீழ எறங்கும், அங்க அவரே நிப்பாரு ஸ்பேனரோட. பொண்ணுக் கண்ணாலப் பத்திரிகைய எங்கையில குடுக்கற மனுசனுக்கு நான் காட்டறது அதுவா. பொட்டு வெக்காத நெத்திக்காரி நான், எனக்கு மொதப் பத்திரிகையாம். ரெண்டு நாளா இதேதான் ஓடுது, பூட்டிட்டு எங்கியாவது போயிரலாமான்னுகூட வந்துது, எங்க போறது. பழைய பாவாடைத் துணி ஒண்ணக் கிழிச்சு எடுத்துட்டு வந்தேன். கொழுந்தனார மட்டும் தொடைச்சுட்டா? மோட்டார் ரூம் வாசலு காலியாக் கெடக்கட்டும், ஆரும் இல்லைன்னா ஆரும் இல்ல. துணிய வெச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். ஸ்பேனரு போச்சு, கை போச்சு, வேட்டி போச்சு, மூஞ்சி. நாலு மாசமாக் காயாதது ஒரே இழுப்புல துணிக்கு வந்துருச்சு. அடியில கதவு, காஞ்ச கதவு, உள்ள இருட்டு, பொட்டி. நல்லதாப் போச்சுன்னு துணிய மடிச்சேன். அப்பறம் எங்கூட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேன். அவரு இன்னும் அந்தப் பக்கமாத்தான் பாத்துட்டு இருக்கறாரு, வாயத் தெறந்துட்டு. காலியா இருக்கற வாசலப் பாத்து ஆருகிட்டக் கேக்கறாரு இவரு? "இருங்க, வர்றேன்"னேன், சத்தமாவே சொல்லிட்டேன், ஊட்டுல ஆருமில்ல. பப்பாளி எல மேல துணிய வெச்சேன். பச்சையா வந்துது, அப்பறம் மஞ்சளு, தண்டு வழுக்கிட்டு வந்துது. தொடைக்கத் தொடைக்க அடியில இருந்து அவ வந்தா. குனிஞ்ச முதுகு, முறுக்குன துணி, திரும்பாத தலை. அழுத்தித் தேச்சுப் பாத்தேன், அவ போகல, அவ காஞ்சவ. நான் எதையும் புதுசா வரைய வேண்டியிருக்கல. கை ரெண்டும் கடலெண்ணெய்.

ஸ்கூட்டரு சத்தம். கையக் கழுவறதுக்குள்ள "அண்ணி"ன்னு வாசல்ல கொரலு. முடியெல்லாம் நரைச்சுப் போச்சு அவருக்கு, என்னையவிட ஏழு வயசு சின்னவரு. வெள்ளைச் சட்டை, கையில தாம்பாளம், வெத்தல பாக்கு பழம், மேல மஞ்சத் தடவுன பத்திரிகை. "அவ வர்லீங்க அண்ணி, தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னாரு. அவரு பொண்டாட்டி இந்தப் படிய மிதிக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா. "உள்ள வாங்க தம்பி." தாம்பாளத்த மேசை மேல வெச்சுட்டு போட்டோவுக்கு முன்னால போய் நின்னாரு. "அண்ணா, பாப்பாவுக்குக் கண்ணாலங்க. பண்ணுனத மன்னிச்சு நீங்கதான்..." எனக்கு அந்தப் பண்ணுனதங்கற வார்த்தை காதுல உழுந்துச்சு, இன்னும் புரியல. அவரு கண்ணத் தொடைச்சுட்டுக் குனிஞ்சாரு, படத்தப் பாத்தாரு. "நீங்க வரைஞ்சதுங்களா அண்ணி? அப்பா அப்படியே இருக்கறாரு." ஒவ்வொரு எடமாப் பாத்துட்டே வந்தாரு, கெணறு, அண்ணன், தொவைக்கற கல்லு. அங்க வெரல வெச்சாரு. "ஈரமா இருக்குதுங்களே." வெரல்ல பச்சை. "அது காயாது தம்பி. கடலெண்ணெய்ல வரைஞ்சுட்டேன்"னேன். அவரு சிரிச்சாரு, பழைய சிரிப்பு. "இது ஆருங்க கல்லுகிட்ட?"

"நாந்தான். தம்பி, அன்னைக்கு ஆட்டோவ நான் எடுக்கல. எடுக்காமயே ஆச்சுன்னு சொன்னேன். மாமாகிட்டச் சொன்னது பொய்யி." சொல்லிட்டேன். ஒம்பது வருசம், சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகல. அவரு அடிப்பாரு, கத்துவாரு, தாம்பாளத்தத் தூக்கி எறிவாருன்னு காத்திருந்தேன், எறிஞ்சாத் தேவலன்னுகூட இருந்துது. அவரு வலது கைய மெதுவாத் தூக்கி மடக்குனாரு. முழங்கையப் பாத்தாரு. எடது கையால அதத் தடவிப் பாத்தாரு. "அப்ப என்ற கை படலீங்களா?"ன்னாரு. எனக்கு அப்பத்தான் அந்தப் பண்ணுனதங்கற வார்த்தை புரிஞ்சுது. "உங்களுக்குத் தெரியாதா தம்பி? நீங்க தொடலைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" "எப்படிங்க தெரியும் அண்ணி? இருட்டுல ஸ்பேனரத் தொழாவுனேன். பட்டுதா படலியான்னு எனக்குத் தெரியல. நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நெனைக்கலீங்க. அப்ப நாந்தான கொன்னுருக்கோணும்?" கொரல ஒசத்தவே இல்ல அவரு, கணக்குக் கேக்கற புள்ளையாட்டக் கேட்டாரு. "அன்னைல இருந்து நான் ஒரு சுவிட்ச்சத் தொட்டதில்லீங்க. ஊட்டுல லைட்டுன்னாலும் பாப்பாவத்தான் போடச் சொல்லுவேன். சுவிட்ச்சே இல்லாத வேலை வேணும்னுதான் பேக்கிங்ல சேந்தேன்." தம்பின்னேன். அவரு காதுல உழுகல. போட்டோவுக்குப் பக்கத்துல சொவத்துல சுவிட்ச்சுப் பலகை இருக்குது, அங்க போனாரு. பச்சை ஒட்டுன வெரல அதுமேல வெச்சு ரொம்ப நேரம் நின்னாரு. லைட்டப் போட்டாரு. அணைச்சாரு. மறுபடியும் போட்டாரு, அணைச்சாரு, போட்டாரு. பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையுது, எங்கூட்டுக்காரர் மூஞ்சி மின்னி மின்னி மறையுது. தாம்பாளம் மேசை மேலயே இருந்துது. எடுத்துக்கங்கன்னு அவரும் சொல்லல, நானும் கைய நீட்டல.